இடப்பக்கக் கம்பி

படகுத்துறையில் அவரைக் கம்பிக்காரர் என்றால்தான் தெரியும். பாய்மரம் சாயாமல் இருபக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது தொழில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்று பேர். இப்போது அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி, முழங்காலுக்குப் பட்டை, தோளுக்குத் தைலம். காலையில் பட்டறைக் கதவைத் திறப்பதற்குள்ளேயே பாதி நாள் உழைத்த அலுப்பு வந்துவிடுகிறது. மனைவி போன பிறகு அந்த அலுப்பைச் சொல்ல வீட்டில் மகள்தான் மிச்சம். அவளும் இப்போது கிளம்புகிறாள்.

மருமகனுக்கு விரிகுடாவின் அந்தக் கரையில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டுத் தங்கள் சின்னப் பாய்மரப் படகிலேயே போய்ச் சேர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. கம்பிக்காரர் சரி என்றால் கிளம்ப வேண்டியதுதான். அவர்தான் சொல்லவில்லை. முதலில் ஒரு கப்பி சரியாகச் சுழலவில்லை என்றார். அடுத்த வாரம் ஒரு கொக்கி தேய்ந்திருக்கிறது என்றார். கப்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும். கொக்கி இன்னும் பல வருஷம் உழைக்கும். வேறு யாருடைய படகாவது இருந்தால் அன்றைக்கே வழியனுப்பியிருப்பார்.

இந்த முறை சரி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தார். பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறதே. பஞ்சைக் கம்பிமேல் வைத்து மேலிருந்து கீழாக உருவிக்கொண்டு வந்தார். எங்காவது இழை அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும். மாட்டவில்லை. இடப்பக்கக் கம்பியின் அடி நுனியைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோகக் குழலுக்கு வந்தபோது கட்டைவிரல் நகம் லேசாகத் தடுக்கியது.

மேலோட்டமான கீறலாக இருக்கும் என்று நினைத்தார். கீறலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார் என்பதுதான் சரி. சிவப்பு மையைத் தடவி, சற்றுப் பொறுத்துத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். வெறும் கீறல் என்றால் தூள் வெள்ளையாகவே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்து தூளில் தெரிந்தது. வெடிப்பேதான். நடுவழியில் காற்று ஓங்கினால் குழல் பிளக்கும், பாய்மரம் அவர்கள் தலைமேல் சாயும்.

அவருக்கு அழுகை வராத குறை. புலி வருது என்று இரண்டு முறை கத்தியாகிவிட்டது. இப்போது நிஜப் புலியை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னார்.

மருமகன் பொறுமைசாலி. அவனுக்கே பொறுமை போய்விட்டது.

"வாரத்துக்கு ஒண்ணு கண்டுபிடிக்கிறீங்க மாமா. எங்களை அனுப்ப மனசில்லைன்னா நேராவே சொல்லிடுங்க."

அவனிடம் வாதாடக் கம்பிக்காரருக்குச் சக்தியில்லை. மகளைக் கூப்பிட்டுக் குழலைக் காட்டினார். அவள் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன ரெண்டு தடவை சொன்னது சும்மாம்மா," என்றார். "இது நிஜம். என்னை நம்பு."

"அது சும்மான்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா," என்றாள் அவள், நிமிராமலே. "உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்போலன்னுதான் நானும் கண்டுக்காம இருந்தேன்."

மருமகன் மனைவியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். கம்பிக்காரருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. பாய்மரத்தை இடப்பக்கம் ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னார். மருமகன் மறுபேச்சில்லாமல் கட்டினான். அவர் பழைய கம்பியைக் கழற்றிச் சுருட்டி, வலிக்காத தோளில் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள புதுசு மாட்டிடுறேன்," என்றார் மகளிடம். "காலைல காத்து நல்லா இருக்கும். கிளம்பிடுங்க."