ஒத்திகை நாளில் நான் அடித்த அடி

சேவியரை முதலில் அடித்தவன் நான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தே அடித்தேன்!

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு தனியார் சரக்குத் தளம். அதன் கட்டுப்பாட்டு அறைக்கு நான் பொறுப்பாளன். நாட்டின் கணினிகளைக் காக்க அரசு வகுத்த திட்டத்தின்படி அன்று எங்களுக்கு ஒத்திகை. பொய்யாகத் தாக்குவார்கள், நாங்கள் பதறாமல் சமாளிக்க வேண்டும். கிரேன்களை ஒத்திகை தொடாது என்று சுற்றறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படித்தேனா? கையெழுத்து மட்டும் போட்டேன்.

காலை பதினோரு மணிக்குத் திரையில் சிவப்பு எச்சரிக்கை. வெளியாள் யாரோ கிரேனுக்குக் கட்டளை கொடுக்கிறான்... ஒத்திகைதானே என்று சிரித்தேன். கிரேன் ஓட்டுநர் சேவியர் மேலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, கிரேன் எம் பேச்சக் கேக்க மாட்டேங்கு. நிப்பாட்டிரட்டா?”

“ஏலே, எல்லாம் ஒத்திகைதாம்ல. நிப்பாட்டுனா நம்ம மானம் போயிரும். ஓட்டு!”

ஓட்டினான். சரக்குப் பெட்டி பாதி வழியில் கழன்று விழுந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்த இசக்கிமுத்துவின் மேல்... இரும்புக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கை அசைந்தது. ஐயோ, அசைந்தது!

கிரேனிலிருந்து இறங்கி வந்த சேவியரை, இசக்கிமுத்துவின் கூட்டாளிகள் காலைப் பிடித்து ஏணியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். நான் ஓடினேன். தடுக்கவா ஓடினேன்? அப்படித்தான் இத்தனை நாளும் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் அவன், “அண்ணாச்சி, நீங்கதான...” என்று வாயைத் திறந்தான்.

அந்த வாயை மூட வேண்டியிருந்தது எனக்கு. கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓங்கி அறைந்தேன். “கொன்னுட்டியேல, பாவி!” என்று கத்தினேன். கூட்டத்துக்கு அது போதும். மிதித்தார்கள், கம்பியால் தலையில் அடித்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஊடுருவல் நடந்தால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், அப்போதுதான் மற்ற துறைமுகங்கள் தப்பும்... அரசு எங்களிடம் கேட்டதே அவ்வளவுதான். நானோ பதிவுகளை அழித்துவிட்டு, ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். உண்மையாகவே எங்கள் கணினிக்குள் புகுந்தவன் எந்த வழியாக வந்தான் என்று யாரும் தேடவில்லை. அந்த வழி இன்றும் திறந்தே கிடக்கிறது.

தலையில் விழுந்த அடியில் அன்றைய காலை முழுவதும் சேவியருக்கு மறந்துபோயிற்று. கொன்றது தான்தான் என்று அவனே நம்புகிறான்! வேலை போய், இப்போது திரேஸ்புரத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறான்.

போன வாரம் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்! பக்கத்தில் குனிந்து, “ஏலே, அன்னைக்கு நாந்தான்...” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

அவன் தலையைத் திருப்பி மறு காதைக் காட்டினான்.

“அந்தக் காது கேக்காது அண்ணாச்சி. சத்தமாச் சொல்லுங்க.”

சுற்றிலும் ஆட்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சாப்ட்டியாலே?” என்று சத்தமாகக் கேட்டேன்.