கொக்கியில் ஒரு பச்சைக் கோடு

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பூச்சு தயாரிக்கிறோம். விரிசல் விட்ட இரும்பில் அழுத்தம் விழுந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும், இருட்டில்தான் தெரியும். பூஜை விடுமுறைக்குக் குழந்தையோடு ஊருக்கு வந்தபோது அதில் கொஞ்சம் கொண்டுவந்து, திண்டிவனம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு டிராக்டர் டிரெய்லரின் கொக்கியில் தடவியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று பார்த்தால், அதன்மேல் என் கணவர் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்!

“ஏங்க, அது பொட்டு வைக்கிற எடமா? வெளிச்சம் எப்பிடித் தெரியும்?”

“பேஜாரு பண்ணாதம்மா, தொடச்சிட்றேன்” என்று தோள் துண்டால் துடைத்தார். என்னைச் சமாதானப்படுத்தவே ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொக்கியை மூடினார். இருவரும் உள்ளே தலையை நுழைத்தோம். சிரித்துக்கொண்டே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

தலைமுடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு மின்னியது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “நேத்து டேஷன்லேர்ந்து உன்னையும் கொழந்தையையும் இதுலதான ஏத்திக்கினு வந்தேன்” என்றார். போர்வைக்குள் என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

அவர் வைத்த பொட்டும் நான் தடவிய பூச்சும் அந்தக் கொக்கியிடம் கேட்டது ஒன்றையேதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதுக் கொக்கி மாட்டினோம். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மொதல்ல நீ பூசு. நீ உட்ட எடத்துல நான் பொட்டு வச்சிக்கிறேன்.”