குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள்

கூட்டத்துக்கு ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனபின் கல்முனைக்குடியில் எங்கள் பக்கத்தில் வேலைசெய்கிற ஸ்பீக்கர் செட் ஒன்றுதான் மிச்சம். அது என் மச்சானுடையது. என் மூத்த சகோதரியான ராத்தாவையும் மகளையும் அகதி முகாமின் தகரக் கொட்டிலில் விட்டுவிட்டு இன்னொரு கலியாணம் முடித்துப் போன மச்சான். அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் முடியாது. அந்தக் கூட்டத்தில் ராத்தாவுக்கு ஒரு கேள்வி இருந்தது.

நான் அப்போது ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். சும்மா நிற்பது என் உடம்புக்கு ஒத்துவராது. கூட்டாளிமார் இருவரோடு சேர்ந்து ஒரு செய்தித்தாள் நடத்தினேன். ஒரு பெரிய தாள், கறுப்பு மாக்கர் எழுத்து. முகாமின் தண்ணீர்த் தாங்கியில் ஒட்டுவோம். தண்ணீர் பவுசர் எப்போது வரும், யாருடைய அடையாள அட்டை கிடைத்திருக்கிறது, எங்கே பால்மா கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சனம் ஒட்டும் முன்பே கூடி நிற்கும். மாநகர சபைத் தேர்தல் வருகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் வேட்பாளர்மார் தங்கள் ஆட்களின் வளவுகளில் பொக்கட் மீட்டிங் வைப்பார்கள். பற்றீஸும் பிளேன்டீயும் கொடுத்து, மற்றவனை நாறடித்து, ஸலவாத்தோடு முடிப்பார்கள். அங்கே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நாங்கள் எல்லோரையும் ஒரே மேடையில் இருத்தி முகாம் சனத்தைக் கேட்கவைக்க நினைத்தோம். பள்ளிவாசல் நிருவாகத்தார் யோசித்து யோசித்து, கடைசியில் சம்மதித்தார்கள்.

"தம்பி, பொம்புளயளும் கேக்கலாமா?" என்றாள் ராத்தா.

"ஓம். துண்டில எழுதித் தாங்க, நான் வாசிக்கிறன்."

"துண்டு வேணாம். நானே கேக்கணும்."

அவள் கேட்க இருந்தது வீட்டைப் பற்றி. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா கல் சேர்க்கத் தொடங்குவார். உடன்பிறந்த ஆண்கள் உழைத்துச் சுவர் எழுப்புவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ராத்தாவின் வீட்டை வாப்பா மீன்வாடியில் உழைத்துக் கட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் சீமெந்து குழைத்திருக்கிறேன். "மாமா, இது ஒங்கட மகள்ட ஊடு. நான் வாடக குடுக்காத ஆள்" என்று மச்சான் பகிடி விடுவார். எல்லாரும் சிரிப்போம்.

கடல் வந்த காலையில் மச்சான் ஒரு கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். வீடு போனது. ராத்தாவின் இளைய மகளும் போனாள். மூத்தவள் மிஞ்சினாள். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. மச்சான் மெல்ல மெல்ல முகாமுக்கு வருவதை விட்டார். தலாக்கும் சொல்லவில்லை, சோறும் கொடுக்கவில்லை.

கடலோரத்தில் திரும்பக் கட்ட அரசாங்கம் விடவில்லை. மேற்கே வயலை மூடி ஒரு வீட்டுத் திட்டம் எழும்பியது. அதில் ராத்தாவின் குடும்பத்துக்கும் ஒரு வீடு. ஆனால் பத்திரம் மச்சானின் பெயரில் வரப்போகிறது என்று தெரிந்தது. அரசாங்கக் கந்தோரில் கேட்டால், குடும்பத் தலைவர் பேரில்தான் கொடுப்போம் என்றார்கள். அந்த வீட்டுக்கு மச்சான் புது மனைவியைக் கூட்டிவரப் போகிறார் என்று ஊரெல்லாம் கதை. வீடு கைவிட்டுப் போனால் ராத்தாவுக்குக் கொட்டில்தான் கதி. மகளை நாளைக்கு யார் கேட்டு வருவார்? வீடில்லாத பெண்ணை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டு வருவதில்லை.

மச்சான் ஒரு வேலியோரம் குந்தியிருந்து ஹோர்ன் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பத்திரிக ஆசிரியர்! தூரத்தில நிக்கிறீங்க, கோவமா?"

"ஸ்பீக்கர் வேணும் மச்சான்."

"ஆருக்கு ஓட்டுக் கேக்க?"

"ஒருத்தருக்குமில்ல. கேள்வி கேக்க."

"கேள்வி கேக்க ஸ்பீக்கர் எதுக்கு? வாய் காணாதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ராத்தாவும் வருவாவா?"

"வருவா."

"செட்ட நான்தான் கொண்டு வருவன். வேற ஆளக் கைவெக்க விடமாட்டன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். பள்ளிக்கூட மேசைகளை அடுக்கி மேடை. பெண்கள் பக்கம் படங்குச் சீலை கட்டி மறைத்திருந்தோம். நாலு ஹோர்ன்களை மச்சான் நாலு திசைக்கும் கட்டினார். ஊர் முழுக்கக் கேட்கும். மேடையில் ஒரு சட்டத்தரணி, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், ஹாட்வெயார் முதலாளி ஒருவர், இன்னும் இரண்டு பேர். முதலில் எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. வீதி விளக்கு, நாய்த்தொல்லை, பவுசர் என்று கேள்விகள் வந்தன. ஒரு கிழவர் எழும்பி, "முதலாளி, முகாமுக்குக் கொமட் வித்தது நீங்கதானே? குழி நிரம்பி வழியிது. அதயும் வித்துத் தாங்களன்!" என்றார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினேன். கேள்வி கேட்டால் போதும், பதில் வந்துவிடும், பதில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழுசாக நம்பியிருந்தேன்.

சீலைக்குப் பின்னால் ராத்தா கை நீட்டினாள். மைக்கைக் கொடுத்தேன்.

"என்ட ஊடு என்ட வாப்பா எனக்குத் தந்தது. கடல் எடுத்தது என்ட ஊடு எண்டா, பதிலுக்குத் தாற ஊடு எப்பிடி அவர்ட ஆகும்?" மைக்கைத் திருப்பித் தரவில்லை. "மேடையில இரிக்கிறவங்க ஆர்ட ஊட்டில இரிக்கிறீங்க? அத முதல்ல சொல்லுங்க."

சனம் கொல்லென்று சிரித்தது. சட்டத்தரணி மைக்கை வாங்கி, "நான் பொஞ்சாதிட ஊட்டில" என்றார். அதிபரும் அதையே சொன்னார். முதலாளி, "கடை என்டது, ஊடு அவட" என்றார். மற்ற இரண்டு பேரும் அப்படியே. சீலைக்குப் பின்னால் பெண்கள் கைதட்டினார்கள். என் கால் நிலத்தில் இல்லை.

அப்போது அதிபர் மைக்கைத் திரும்ப வாங்கினார். "மகள், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா சபையால லைட்டுப் போட ஏலும், குப்ப அள்ள ஏலும், தண்ணி ஓடக் கான் வெட்ட ஏலும். ஊட்டுக்குப் பேர் மாத்த ஏலா. அது அரசாங்கக் கச்சேரி வேல. இந்த மேடையில ஆரு வென்டாலும் ஏலா."

கைதட்டல் அப்படியே விழுந்துபோனது. மற்ற நாலு பேரும் மறுக்கவில்லை. எல்லாரும் ஓம் என்கிறார்கள். ஒருவராலும் ஒன்றும் ஆகாது.

அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்த மச்சான் எழும்பி வந்து மைக்கைக் கேட்டார். நான் கொடுக்கத் தயங்கினேன். "கேள்வி கேக்கத்தானே எடுத்த கூட்டம்?" என்று சொல்லி அவரே எடுத்துக்கொண்டார்.

"நான் ஊட்டக் களவெடுக்கல்ல. கிராம சேவகர் முகாமுக்குக் குடும்பம் பதிய வந்த நேரம் நான் என்ட புள்ளட மையித்தத் தேடித் திரியிறன். இவ பேச்சுமூச்சில்லாமப் படுத்திரிக்கா. குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டதுக்கு என்ட பேரச் சொன்னது ஆரு? அந்தா இரிக்கார் என்ட மாமா. அவர்ட கேளுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. வாப்பா எழும்பினார். தொப்பியைச் சரிசெய்தார்.

"ஓம். நான்தான் சொன்ன." ஸ்பீக்கர் இல்லாமலே அவர் குரல் கேட்டது. "மருமகன் ஹயாத்தோட, உசிரோட இரிக்கக்குள்ள பொம்புளப்புள்ளயத் தலைவர் எண்டு சொல்றதா? மரியாதைக்குச் சொன்ன. ஊடு ஆருக்கு எண்டு அவங்க கேக்கல்லயே. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

அங்கே இருந்த எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லியுமிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "நானும் மருமகன்ட பேரத்தான் குடுத்த" என்றார். இன்னொருவர், "நானும்தான்" என்றார். சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "அப்ப என்ட ஊடு?" என்று கத்தினாள். அந்தக் கத்தல் பரவியது. வேட்பாளர்மார் தங்கள் விருப்பு வாக்கு நம்பர்களைச் சொல்லவும் மறந்து மேடையை விட்டு இறங்கினார்கள். அந்த இரைச்சலுக்குள் மச்சான் கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "இப்ப முடிச்சவளுக்கும் உம்மா வாப்பா கடலோட போயிட்டாங்க. ஊடு குடுக்க ஆருமில்ல. அவள நான் எங்க வெக்கிற?"

தாளில் அதைப்பற்றி நான் எழுதவில்லை. நாலு ஹோர்ன்கள் ஊருக்கே சொல்லியிருந்தன.

அடுத்த நாளிலிருந்து வாப்பா கந்தோருக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். கதிரையில் இருந்த பொடியனுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. "பட்டியல் மேல போயிட்டு, ஐயா" என்பான், ஒவ்வொரு முறையும் மரியாதையாக. "பேரச் சொன்ன வாய் என்டதானே, தம்பி? அதே வாயால மாத்திச் சொன்னா எழுத மாட்டீங்களா?" என்று வாப்பா கேட்பார். பொடியன் பேனையை மூடிவிட்டுக் கீழே பார்ப்பான். தேர்தலில் சட்டத்தரணி வென்றார். நன்றி சொல்லக் கொட்டிலுக்கும் வந்தார். "தங்கச்சி, அது ஒங்கட ஊடுதான்" என்று சொல்லி ஒரு கலண்டர் தந்துவிட்டுப் போனார்.

வீட்டுத் திறப்புச் சாவி கொடுக்கும் நாளுக்கு முந்திய காலையில் ராத்தா ஒரு பாயையும் சட்டிபானையையும் எடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு திட்டத்துக்குப் போனாள். பின்கதவுக்கு இன்னும் பூட்டுப் போட்டிருக்கவில்லை. உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள். மறுநாள் மச்சான் விழா மேடையில் திறப்பை வாங்கிக்கொண்டு வந்தபோது கதவு உள்ளிருந்து பூட்டிக் கிடந்தது.

"இஞ்ச, தொற."

"ஏலா."

"பத்திரம் என்ட பேரில."

"பத்திரத்தில போய்ப் படுங்க."

புது மனைவி வேலியோரம் ஒரு பொட்டணியைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். சின்னப் பிள்ளை. பவுசர் இன்னும் அந்தத் திட்டத்துக்கு வரத் தொடங்கவில்லை. நான்தான் சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். ராத்தா ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினாள். "குடி புள்ள. ஒன்னோட எனக்குக் கோவமில்ல. ஆனா தொறக்க மாட்டன்." அவள் வாங்கிக் குடித்தாள். கோப்பையைக் கம்பிக்குள்ளால் திருப்பிக் கொடுத்தாள்.

மகளுக்கு ஒரு தடவை காய்ச்சல் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் ராத்தா. அயலில் இருந்த பெண்களிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் போனாள். திரும்பி வந்தபோது சட்டிபானை முற்றத்தில் கிடந்தது. கதவில் புதுப்பூட்டு. அந்தப் பெண்கள், "ஊட்டுக்காரன் எண்டு பத்திரத்தக் காட்டினா நாங்க என்ன செய்யிற ராத்தா?" என்று அழுதார்கள். பூட்டை நான் கல்லால் அடித்து உடைத்தேன். அதன்பிறகு ராத்தா அந்த வீட்டை விட்டு இறங்கவேயில்லை. கடைக்குப் போவது நான், மகளைப் பள்ளிக்கூடம் ஏற்றுவது நான். பெருநாளுக்குக்கூட அவள் வெளியே வரவில்லை. வாப்பா அந்த வாசல்படி மிதிக்கவில்லை. உம்மாவோடு சாய்ந்தமருதில் ஒரு உறவுக்காரரின் வளவில் தகரக் குடிசை போட்டு இருந்தார். எத்தனை முறை கூப்பிட்டும், "மருமகன்ட ஊட்டில நான் எப்பிடிப் போய் இரிக்கிற?" என்பார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன நாட்களில் வாப்பா மௌத்தானார். பெரிய வீதியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் அறிவித்தல் பாதிதான் கேட்டது. நான் சைக்கிளை மிதித்து ராத்தாவிடம் போனேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்வாசலில் இருந்தாள்.

"வாங்க ராத்தா. ஏத்திட்டுப் போறன்."

"ஊட்ட ஆரு பாக்கிற?"

"நான் இரிக்கன். நீங்க போங்க."

"நீ மையித்துத் தூக்கணும். வாப்பாக்கு நீ ஒரே மகன்தானே."

"அயலாக்கள் இரிக்காங்க."

"போன முறையும் இரிந்தாங்க."

மகள், "நான் பாத்துக்கிறன் உம்மா, நீங்க போங்க" என்றாள். ராத்தா அவளைப் பார்த்தாள். "ஒனக்காகத்தான் போகல்ல" என்றாள்.

நான் திரும்பிப்போய்ப் பெரியவர்களிடம் கெஞ்சினேன். மையித்து அடக்கும் மையவாடி கடற்கரைப் பக்கம், திட்டம் மேற்கே. மையித்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்று ஒருவர் கடிந்தார். பிறகு அவரே முன்னால் நடந்து வழியை மாற்றினார். மையித்து வைத்த சந்தூக்கை மாறி மாறித் தோளில் சுமந்துகொண்டு வயல் வீதியால் போனோம். முன்பக்க இடது தோள் மச்சானுடையது. மருமகன் தோள் கொடுப்பதை யார் தடுக்க முடியும்?

ராத்தா கேற்றடியில் நின்றாள். சந்தூக்கு உள்ளே வரட்டும் என்று கேற்றை முழுசாகத் திறந்து பிடித்திருந்தாள். கிட்ட வந்தபோதுதான் முன்னால் தூக்கி வந்தவரைக் கண்டாள். கேற்றைப் பாதியாகச் சாத்தினாள்.

"ரோட்டில வையுங்க" என்றாள்.

மச்சான் தோளை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, எதிர்வேலி வரை தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "இப்ப உள்ள கொண்டு போகலாமே மகள்" என்றார் பெரியவர். ராத்தா தலையாட்டி மறுத்தாள். ரோட்டில் வைத்தார்கள். முகத்துச் சீலையை நான் விலக்கினேன். அவள் ஒரு காலை வெளியே வைத்தாள், மற்றக் காலை எடுக்கவில்லை. ஒரு கை கேற்றுக் கொண்டியில். குனிந்து பார்க்க எட்டவில்லை. எட்டாதது தெரிந்தும் அவள் கையை விடவில்லை. நானும் மற்றவர்களும் சந்தூக்கின் தலைப்பக்கத்தை அவளை நோக்கித் தூக்கிச் சாய்த்துப் பிடித்தோம்.