தூக்கில் வந்த சொறிமீன்

தூக்கின் மூடியைத் திறந்ததும் உப்பும் அழுகலுமாக ஒரு வாசம் வந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாசம் அதற்கு முன் வந்ததில்லை. ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் நாங்கள் அறிந்தவை.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. புதுச்சேரியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் என்று எல்லோரும் கிளம்பினோம். மாடு கன்று போடும் நேரம், வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று அக்காவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கடலைப் பார்க்க ரொம்ப ஆசை. அழவில்லை. "எனக்கு இன்னாடி கொண்டாருவ?" என்று கேட்டாள்.

"கடலைக் கொண்டாரேன்."

"ஜாஸ்தி வேணாம். ஒரு தூக்கு போதும்."

கல்யாணம் முடிந்து கடற்கரைக்குப் போனோம். மணலில் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. நுங்குச் சுளை மாதிரி, உள்ளங்கை அகலம், அடியில் நூல் நூலாகத் தொங்கியது. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அது சொறிமீனு. செத்துப்போச்சு, வுட்டுட்டுப் போ பாப்பா" என்றார். செத்ததுதானே, இனி என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். மேல்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, புளிச்சோறு கொண்டுபோன தூக்கில் போட்டு, கடல் தண்ணீர் ஊற்றி மூடினேன். திருவண்ணாமலை வந்துசேரும்வரை மடியைவிட்டு அதை இறக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவை எதிரில் உட்காரவைத்துத்தான் திறந்தேன். மீனைக் காணோம். கொழகொழவென்று தண்ணீர்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இருடி, அடியில இருக்கும்" என்று அக்கா கையை உள்ளே விட்டுத் துழாவினாள். உடனே கத்திக்கொண்டு கையை இழுத்தாள். ஒட்டியிருந்த நூலை மறு கையால் வழித்ததில் முழங்கைவரை பரவிவிட்டது. சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். அப்பா எனக்கு இரண்டு போட்டார். மூன்றாவது அடிக்கு அக்கா குறுக்கே வந்து நின்றாள். மாடு அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்துத்தான் கன்று போட்டது.

இப்போது என் மகள் படித்துவிட்டுச் சொல்கிறாள். அந்த நூலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பைகளாம். ஒவ்வொரு பையிலும் விஷ ஊசி ஒன்று சுருண்டு கிடக்குமாம். பட்டால் போதும், பாயும். மீன் செத்தாலும் பை சாகாதாம். தாலியில் கோக்கிற பவளமும் அதற்குச் சொந்தமாம், ஏரிப் பாசியில் ஒட்டியிருக்கும் நூல் மாதிரி ஒரு பூச்சியும் சொந்தமாம். பக்கத்திலேயே இருந்ததை விட்டுவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறேன்.

அக்காவின் கை சிவந்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுவிட்டாள். தட்டை வாங்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கையைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது?"

"கடல்பூச்சி கடிச்சிச்சிங்க" என்றாள் அக்கா.

"திருவண்ணாமலையில ஏதும்மா கடலு?" என்றார் அந்த அம்மா. வந்தவர்கள் சிரித்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. பெண்ணுக்குத் தோல் வியாதி என்று பேச்சாகிவிட்டது. அடுத்த இடம் அமைய இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷத்தைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இரண்டு பேரும் மோர் விற்போம். குடம் காலியானதும், அக்கா எடுத்து வைத்திருந்த கடைசி டம்ளரை ஆளுக்குப் பாதி குடிப்போம். மல்லாட்டை பிடுங்கும் நாளில் பச்சை வேர்க்கடலையை உரித்து என் வாயில் போட்டுக்கொண்டே வேலை செய்வாள். ஒரே பாயில் படுப்போம். தூக்கத்தில் காலைத் தூக்கி என்மேல் போடுவாள். "தூரப் போக்கா" என்பேன். தூரப் போவாள் என்று அப்போது நினைக்கவில்லை.

பெங்களூரு பக்கம் கொடுத்தார்கள். தீபத்துக்கு வருவாள், பிறகு அதுவும் நின்றது. அப்பா அம்மா போன பிறகு வீட்டையும் விற்றோம். அந்த இடத்தில் இப்போது லாட்ஜ் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் கார் நிறுத்துகிறார்கள்.

போன மாதம் மகள் சொன்னதையெல்லாம் போனில் அக்காவிடம் சொன்னேன். செத்த மீனாடி கடித்தது என்று நெடுநேரம் சிரித்தாள். கையில் கோடு இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதோ போய்விட்டது என்றாள்.

"அந்த மாப்ள நீலச் சட்ட போட்டுக்கினு வந்திருந்தாரு. எனக்குப் புடிச்சிருந்திச்சிடி" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அதைச் சொன்னதில்லை. அந்தச் சம்பந்தம் கலைந்த அன்றைக்கு நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அக்கா இனி போகமாட்டாள் என்று யாருக்கும் தெரியாமல் குதித்தேன். அதை நானும் சொன்னதில்லை. சொல்ல வாய் எடுத்தேன்.

"சாப்ட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றாள்.