மோட்டார் ஏன் கருகியது

குளிர்பெட்டி லாரிகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கொட்டகையில் எல்லோரும் அவளை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் ஐஸ், வாயைத் திறந்தால் நெருப்பு. கணக்கு எழுதத்தான் இங்கே வேலைக்கு வந்தாள். மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடியே பொழுதைப் போக்குவதைப் பொறுக்கமாட்டாமல் தானே எடுத்து முடுக்கினாள். அப்புறம் நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. மோட்டாரை மோந்து பார்த்தே பாதி கோளாறைச் சொல்லிவிடுவாள். மீதியை டிரைவரைத் திட்டித் தெரிந்துகொள்வாள்.

அன்று காலை வந்தது அவளுடைய சொந்தத் தம்பி ஓட்டும் லாரி. பெட்டிக்குள் குளிர்காற்றைச் சுழற்றும் விசிறியின் மோட்டார் முந்தின நாள் சூடேறி நின்றுவிட்டதாம்.

"என்னடா பண்ணித் தொலைச்சே? இப்பத்தானே புதுசு மாட்டினேன்!"

"ஒண்ணும் பண்ணலக்கா. தானா நின்னுடுச்சு."

"தானா நிக்க அதென்ன மாடா? கூரை வரைக்கும் சரக்கை அடுக்கியிருப்பே. காத்து போக வழியில்லாம திணறியிருக்கும்."

எப்போதும் கலகலவென்று பேசுகிறவன், தலை குனிந்துகொண்டான். திருட்டு முழி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலிப் பெட்டிக்குள் ஏறினாள். மோட்டாருக்கு மின்சாரம் சரியாகத்தான் வந்தது. ஒயரிலும் குறை இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு விசிறி இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. பேரிங் இறுகிவிட்டது போல என்று முணுமுணுத்தபடி முன்னால் இருந்த கம்பி வலையைக் கழற்றினாள்.

பேரிங் இல்லை. துணி. அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கருகிக் கிடந்தது. "எந்தக் கழுதைடா கந்தலை இங்க சொருகினது?" என்று குறடால் பிடித்து இழுத்தாள். நீலத் துணி. பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அப்புறம் காலர் வந்தது.

தம்பியின் யூனிஃபார்ம் சட்டை.

கழற்றி வைத்த வலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கை நுழையும் அளவுக்குக் கம்பிகள் வளைந்திருந்தன. கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது. விறுவிறுவென்று கதவருகே போய், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை அமுக்கினாள். எதிலும் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது.

"உள்ள மாட்டிக்கிட்டியாடா?"

அவன் காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "சரக்குப் பெட்டி எடுக்க உள்ள போனேன்க்கா. காத்துல கதவு சாத்திக்கிச்சு. தட்டினேன், கத்தினேன். யாருக்கும் கேக்கல. விசிறி நின்னா வெளிய அலாரம் அடிக்கும்ல? அதான் சட்டையைக் கழட்டித் திணிச்சேன். கொஞ்ச நேரத்துல குடோன் வாட்ச்மேன் வந்து திறந்தாரு."

அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றியிருக்கிறான்!

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வண்டியைத் தொடவே விடமாட்டே."

அறைவதற்கு ஓங்கிய கை பாதியிலேயே நின்றது. அவள் அப்படியே பெட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருகிய மோட்டாரைக் காலையிலிருந்து சபித்துக்கொண்டிருந்தாள். அது கருகாமல் நல்லபடியாக ஓடியிருந்தால்? அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை.

லாரி முதலாளி போன் செய்தார். "மோட்டார் ரெடியா?"

"மோட்டார் கிடக்கட்டும் சார். கதவைச் சரிபண்ணாம இந்த வண்டி இங்கேருந்து நகராது."

கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் இணைக்கும் ஊசி முறிந்திருந்தது. புதிது போட்டு முடுக்கினாள். உள்ளிருந்து சோதித்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஏறி நின்று, "சாத்துடா" என்றாள்.

அவன் கதவில் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். "என்னால முடியலக்கா."

அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கும்மிருட்டு. கைப்பிடியைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். ஒரே அமுக்கில் கதவு திறந்துகொண்டது.

வெளியே தம்பி இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"உன்னை யாரு உள்ள போகச் சொன்னது? அறிவிருக்கா உனக்கு? திறக்காம போயிருந்தா?"

பிறந்ததிலிருந்து அவளை எதிர்த்து ஒரு சொல் சத்தமாகப் பேசாதவன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவன் திட்டி முடிக்கும் வரை அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.