மைனஸ் டீச்சர் அடித்த விடை

பக்கத்து அறையில் டஸ்டரால் கரும்பலகையை அறையும் சத்தம் கேட்டது. கூடவே அக்காவின் குரல்.

"லாகரிதம் கணக்குல மைனஸ் விடை வந்தா என்ன செய்யணும்?"

"அடிச்சுடணும் டீச்சர்!" என்று பதினாறு பிள்ளைகள் கத்தினார்கள்.

கூடத்தில் நின்றிருந்த தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையிலிருந்த வினாத்தாள் கசங்கியது.

அக்காவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மைனஸ் டீச்சர்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் டியூஷன் நடத்துகிறாள். அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்தவள் அவள்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு வாரம்கூடக் கழிந்ததில்லை. குறுக்குவழி என்றால் அவளுக்கு உயிர். இரண்டு விடை வந்தால் மைனசைச் சிவப்பு மையால் அடி, அடுத்த கணக்குக்கு ஓடு. விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்க யாரையும் அவள் விட்டதே இல்லை.

அதை நம்பித்தான் தங்கை முப்பத்தாறு வயதில் எழுத்தர் தேர்வு எழுதினாள். வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரே ஒரு மதிப்பெண்ணில் அந்த வேலை போய்விட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"ஊத்திக்கிச்சா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றாள் அக்கா. "ஒழுங்கா உக்காந்து படிச்சிருந்தா வந்திருக்கும்."

"முப்பத்தோராவது கேள்விய எழுதுக்கா."

"கிளாஸ் நடக்குதுல்ல, கண்ணு தெரியலையா?"

தங்கையே சாக்பீஸைப் பிடுங்கி எழுதினாள்.

log(x + 3) + log(x + 6) = 1

"பெருக்கினா பத்து. x-க்கு மைனஸ் ஒண்ணு, மைனஸ் எட்டுன்னு ரெண்டு விடை. நீ சொன்னபடி ரெண்டையும் அடிச்சேன். 'தீர்வு இல்லை'ன்னு குறிச்சேன்."

"சரியாத்தானே குறிச்சிருக்க!"

"மைனஸ் ஒண்ணைப் போட்டுப் பாரு."

"எனக்கே பாடம் எடுக்கிறியாடி? சோறு போட்ட கையி இது!"

"போட்டுப் பாருக்கா!"

அக்கா வெடுக்கென்று எழுத ஆரம்பித்தாள். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. ஆறில் ஒன்று போனால் ஐந்து. இரண்டும் ஐந்தும் பெருக்கினால் பத்து. பத்தின் லாக் ஒன்று. சாக்பீஸ் அப்படியே நின்றது. லாகுக்குள் இருக்கும் தொகைதான் மைனஸ் ஆகக்கூடாது. x தாராளமாக ஆகலாம்.

"அப்ப விடை இருக்கு டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பெண்.

"வாய மூடு!"

தங்கையின் குரல் உடைந்தது. "தப்புன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுக்கா. என் வேலை திரும்பி வராது. இதுங்களாவது பொழைக்கட்டும். நான் பேசாம போயிடறேன்."

பதினாறு ஜோடிக் கண்கள் அக்காவையே பார்த்தன. அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு டஸ்டரை எடுத்து, எழுதியதை ஒரே இழுப்பில் அழித்தாள்.

"கேள்வியே கோளாறு. தேறாதவளுக்கு ஆயிரம் சாக்கு. நீங்க அடுத்த கணக்க எழுதுங்க."

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அம்மா செத்தப்ப நான் அநாதை ஆகல. இன்னிக்குத்தான் ஆனேன்."

"போடி போ! பசிச்சா நீயா வருவ."

செருப்பை மாட்டக்கூடப் பொறுக்காமல் கையில் எடுத்துக்கொண்டு தங்கை படியிறங்கினாள். அக்கா பின்னாலேயே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.