கழுவி வந்த கார்

கண்டி வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் எலைன்மன்ட் கடை வைத்திருக்கும் கஜேந்திரனுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. கார் பொய் சொல்லாது, ஓட்டுகிறவன்தான் புளுகுவான் என்பது அவர் கட்சி. தெல்தோட்டையில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, கண்டியில் ஒரு கராஜில் பன்னிரண்டு வருஷம் கிரீசில் புரண்டு, பிறகு சொந்தக் கடை போட்டவர். சரிபார்த்த வண்டி ஒன்றுகூட அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்பதுதான் இருபது வருஷத்தில் அவர் சேர்த்த சொத்து. அதைப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு அவர் வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. வீடியோ பார்த்துவிட்டுக் காரைத் தாழ்த்தும் மைனர்கள், டயர் தேய்ந்தால் ரோட்டைத் திட்டும் வாத்தியார்மார், சார்ஜ் இறங்கும் என்று ஏ.சி. போடாமல் வேர்த்து வழிந்து வரும் கஞ்சர்கள் எல்லோருக்கும் முகத்துக்கு நேரே கிடைக்கும். அழுக்கு வண்டியோடு வந்தால் வாசலிலேயே விரட்டிவிடுவார். வேலை சுத்தம் என்பதால் சனமும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

பலசரக்குக் கடைக்காரர் பொன்னையாவும் அப்படித்தான் வந்தார். அவருடைய மின்சாரக் காரின் பின்டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகியிருந்தன. சக்கரம் உள்ளே சாய்ந்தால் அப்படித்தான் தேயும். அந்தச் சாய்வைத் திருத்த அந்தக் காரில் கம்பனி வழி வைக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சோடியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, மாட்டி, புது டயரும் போட்டு, அளக்கும் மெஷினின் திரையில் எல்லாம் பச்சையாகும்வரை திருப்பினார் கஜேந்திரன். இனி இந்த டயர் கிழவனாகித்தான் சாகும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றே மாதம். டயர் மறுபடி உள்பக்கம் தேய்ந்து கார் வந்து நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கஜேந்திரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோட்டோரம் எந்தக் கானுக்குள் காரை இறக்கினீர்கள் என்று பொன்னையாவைக் குடைந்தார். அந்த மனுஷர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பருப்பு நிறுக்கிறவங்களுக்கு இது வெளங்காது. வாய மூடிக்கிட்டு அங்க ஒக்காருங்க" என்றார் கஜேந்திரன்.

பொன்னையா உட்கார்ந்தார். திரை மறுபடி பச்சையானது. கார் போனது.

பிறகு ஒரு காலையில் அதே கார், பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி, நொண்டிக்கொண்டு கடை வாசலில் நின்றது. டயரில் கம்பி வெளியே தெரிந்தது. ஓட்டி வந்தது பொன்னையாவின் மனைவி யசோதா. கடுகண்ணாவைக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டு போகும் வழியாம். கஜேந்திரன் பின்கதவைத் திறந்தார். சீட்டை மடக்கி ஐந்து மூட்டை சீனியும் பருப்பும். குனிந்து பார்த்தார். பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, சக்கரம் இரண்டின் மேல்முனையும் உள்ளே சாய்ந்து கிடந்தன. வெறும் காருக்கு அளந்த அளவை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் மார்தட்டியிருக்கிறார். இரண்டு தரமும் கார் ஏன் வெறுமையாக வந்தது என்று கேட்டார்.

"டொக்டர்கிட்ட போறப்ப குளிச்சிட்டுத்தானே போவோம்? ஒங்ககிட்ட வாறதுன்னா மொத நாளே மூட்டையெல்லாம் எறக்கி, கழுவித்தான் எடுத்துட்டு வருவாரு. அழுக்கா வந்தா நீங்க ஏசுவீங்களே."

பாரம் ஏற்றுவதைச் சொல்லியிருக்கலாமே என்றார், குரல் இறங்கி.

"சொல்லத்தான் வந்தாராம். வாய மூடச் சொன்னீங்களாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறும் திங்கல."

பக்கத்துக் கடைக்காரர்கள் இம்முறை எட்டிப் பார்க்கவில்லை, வந்தே நின்றார்கள். மூட்டைகளை இறக்கப் போன வேலையாளை கஜேந்திரன் தடுத்தார். டயரை மாற்றி, பாரத்தோடேயே காரை ஏற்றி அளக்கச் சொன்னார். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்று இருந்தது. தினமும் எத்தனை மூட்டை போகும், எந்த வழியால் போகும் என்று யசோதாவிடம் கேட்டார். வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று யசோதா போனில் அழைத்து நீட்டினாள். கஜேந்திரன் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, பேர் சொன்னார்.

மறுமுனையில் பொன்னையா பதறிப்போனார். "மன்னிச்சுக்கங்க பாஸ். மறுபடியும் நான்தான் கெடுத்துட்டேனா?"